எட்டாவது ஆள் எங்கே?

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை

போன வருஷம் பாலிடெக்னிக்குகளுக்கு இடையே நடந்த கபடிப் போட்டியில் நம்ம அணி அரையிறுதியில் தோற்ற கதை உங்களில் பல பேருக்குத் தெரியும். "நாலு பாயிண்ட்லதானப்பா போச்சு" என்று கேன்டீனில் ஒரு வாரம் பேசினோம். அப்புறம் மறந்துவிட்டோம். ஆனால் அந்த நாலு பாயிண்ட் எங்கே போச்சு என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அந்தக் கணக்கைப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் 11 பெயர் கொடுத்திருந்தோம். அதில் 6 பேர் மூன்றாமாண்டு அண்ணன்கள், 5 பேர் இரண்டாமாண்டு. அந்த ஐவரில் நானும் ஒருவன். முதலாமாண்டுப் பையன் ஒருத்தன்கூட இல்லை. போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் தகவல் வருகிறது. சென்னைப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் மறுநாளே நேர்முகத் தேர்வு. நாலு அண்ணன்கள் ராத்திரி பஸ் ஏறிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? வேலைக்குத்தானே படிக்கிறோம்! ஆகக் காலையில் மைதானத்துக்குப் போய் நின்றது சரியாக 7 பேர். ஓரத்தில் பெஞ்ச் போட்டிருந்தார்கள். அதில் எங்கள் பைகளும் தண்ணீர் பாட்டிலும்தான் உட்கார்ந்திருந்தன.

அப்படியிருந்தும் இடைவேளையில் 6 பாயிண்ட் முன்னிலை! இரண்டாவது பாதியில் எங்கள் முக்கிய ரைடர், என் வகுப்புத் தோழன், பாடிப் போய்த் திரும்பும்போது கணுக்கால் மடங்கி விழுந்தான். ஐந்து நிமிஷம் 6 பேரோடு ஆடினோம். முன்னிலை கரைந்தது. அவன் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, "நான் இறங்குறேன் மாப்ள" என்று மறுபடி கோட்டுக்குள் வந்தான். வேண்டாம் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். எட்டாவது ஆள் ஒருத்தன் இருந்திருந்தால் சொல்லியிருப்போம்.

ஆட்டம் போனது போகட்டும். அவன் ராத்திரி ஷிப்ட்டுக்கு மில்லுக்குப் போய்ப் படிக்கிற பையன். மூணு வாரம் நிற்க முடியவில்லை. மூணு வாரக் கூலி போச்சு. செமஸ்டர் பீஸ் கட்ட அவன் அம்மா தோட்டைக் கழற்றிக் கொடுத்தது எனக்குத் தெரியும். அன்றிலிருந்து என் மனதில் ஒரே கேள்விதான்: எட்டாவது ஆள் எங்கே?

ஒரு படை ஊரை விட்டுப் போனது. ஒரு கிளப் மூடியது

இது நமக்கு மட்டும் வந்த கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். ரக்பி என்று ஒரு விளையாட்டு. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு எதிராளிகளை இடித்துத் தள்ளி ஓடிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் பதிக்க வேண்டும். எதிராளியைக் கட்டிப் பிடித்து வீழ்த்துவதும், பிடியிலிருந்து திமிறி ஓடுவதும் அதில் உண்டு. கபடி ஆடினவனுக்கு அதைப் புரிந்துகொள்ளக் கஷ்டமே இல்லை.

அந்த ஆட்டம் நம் நாட்டுக்கு வந்து நாளாயிற்று. 1872 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் ஒரு ரக்பி ஆட்டம் நடந்தது. அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் இங்கிலாந்து ஒரு பக்கம், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் மூன்றும் சேர்ந்து ஒரு பக்கம் என்று பிரிந்து ஆடினார்கள். அன்றைக்குப் பக்கத்துக்கு 20 பேர். ஆட்டம் பிடித்துப்போய், அடுத்த மாதமே, அதாவது 1873 ஜனவரியில், கல்கத்தா புட்பால் கிளப் என்று தொடங்கிவிட்டார்கள். முதல் வருஷமே நூற்றுக்கு மேல் உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். பணத்துக்கும் குறைவில்லை.

ஆனால் 1878-க்குள் கிளப் மூடப்பட்டது. காரணம் என்ன? ஆட்டக்காரர்களில் பலர் ஒரே இடத்திலிருந்து வந்தவர்கள். 'பஃப்ஸ்' என்ற பெயர் கொண்ட பட்டாளத்துச் சிப்பாய்களும் அதிகாரிகளும் அவர்கள். பட்டாளத்துக்கு இடமாற்றல் உத்தரவு வந்தது. படை போனது. கூடவே ஆட்டக்காரர்களும் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் இந்த வெயிலுக்கு டென்னிசும் போலோவும் தேவலை என்று அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். கிளப்பில் இலவசமாகக் கொடுத்துவந்த மதுவை நிறுத்தினதும் கூட்டம் குறைந்ததற்கு ஒரு காரணம் என்று சொல்கிறார்கள். (நம்ம ஊரில் பயிற்சிக்கு வந்தால் சுண்டல் உண்டு என்றால் கூட்டம் வரும், இல்லையென்றால் வராது. மனுஷ சுபாவம் எங்கேயும் ஒன்றுதான்!)

கிளப்பின் பணம் பேங்க்கில் அப்படியே இருந்தது. ஆட ஆள்தான் இல்லை. கடைசியில் அந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். மூன்று நாகப்பாம்புகள் கைப்பிடி, மூடியின் மேல் ஒரு யானை. நம் நாட்டுக் கைவேலை. அதை இங்கிலாந்தின் ரக்பி சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் 'கல்கத்தா கோப்பை'க்காகத்தான் மோதுகின்றன. உலகப் புகழ் பெற்ற கோப்பை அது. ஆனால் உற்றுப் பார்த்தால் அது ஆள் சேர்க்கத் தெரியாத ஒரு கிளப்பின் நினைவுச் சின்னம்!

அவர்கள் செய்த தப்பு என்ன? ஆள் குறைவாக இருந்தது தப்பு இல்லை. ஆட்களில் பலர் ஒரே ஊற்றிலிருந்து வந்ததுதான் தப்பு. அந்த ஊற்று வற்றினதும் கிணறே வற்றிவிட்டது. நம்ம அணிக்கு அந்தப் பட்டாளம் எது? மூன்றாமாண்டு வகுப்புதான். வருஷா வருஷம் ஏப்ரலில் அந்தப் படைக்கு இடமாற்றல் உத்தரவு வந்தே தீரும்!

சட்டமே கேட்கிறது: மாற்று ஆள் எங்கே?

ஆழமான அணி என்றால் என்ன? கூட்டமாக ஆள் நிற்பது அல்ல. ஒவ்வொரு இடத்துக்கும், அந்த இடத்து வேலை தெரிந்த இரண்டாவது ஆள் இருப்பது.

ரக்பியில் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். பெரிய ரக்பியில் களத்தில் 15 பேர், வெளியே 8 பேர், ஆக 23. அதில் 'ஸ்க்ரம்' என்று ஒன்று உண்டு. இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துக் குனிந்து ஒருவரையொருவர் தள்ளுவார்கள். முன்வரிசையில் நிற்கிற மூன்று பேர் கழுத்திலும் முதுகிலும்தான் அத்தனை பாரமும் இறங்கும். பழக்கம் இல்லாதவன் அங்கே நின்றால் கழுத்து முறியலாம். ஆகவே 23 பேர் பட்டியல் கொடுத்தால் அதில் முன்வரிசைக்குப் பழகினவர்கள் 6 பேர் இருந்தே ஆக வேண்டும். உள்ளே மூன்று, வெளியே மூன்று. முன்வரிசை ஆள் தீர்ந்துபோனால் அதற்குப் பிறகு தள்ளுதலே கிடையாது. பெயருக்குக் குனிந்து நின்றுவிட்டுப் பந்தை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? கோப்பைக்காக அல்ல, கழுத்துக்காக. மாற்று ஆள் இல்லாத இடத்தில் காயம்பட்டவனே மறுபடி இறங்குவான், அல்லது தெரியாதவன் இறங்குவான். இரண்டுமே ஆபத்து. நம்ம ரைடர் காலில் துணி சுற்றிக்கொண்டு இறங்கினானே, அந்த இடத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

ரக்பியில் சின்ன வகையும் உண்டு. பெயர் 'செவன்ஸ்'. கபடி மாதிரியே களத்தில் 7 பேர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்த வகைதான் நுழைந்தது. அணிக்கு 12 பேர். நம்ம கபடியிலும் 7 பேர் ஆட, 5 பேர் வெளியே, மொத்தம் 12! 2025 ஜூனில் மும்பையில் ஆறு அணிகளோடு நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக் போட்டியில் பட்டம் வென்றது சென்னை பெயரில் ஆடின 'சென்னை புல்ஸ்' அணி என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நாலாவது ஆள் ஜெயித்த உலகக் கோப்பை

இனி ஒரு நல்ல கதை. 2011-ல் ரக்பி உலகக் கோப்பை நியூசிலாந்தில் நடந்தது. அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகை அப்போது சுமார் 44 லட்சம்தான். அந்த அணியில் பந்தை உதைத்து ஆட்டத்தை நடத்துகிற இடம் முக்கியமானது. டான் கார்ட்டர் என்ற மகா ஆட்டக்காரர் அங்கே இருந்தார். நடுப் போட்டியில் பயிற்சியின்போதே அவருக்குத் தொடை இடுக்கில் தசை கிழிந்தது. போட்டியை விட்டே போனார். இரண்டாவது ஆள் கோலின் ஸ்லேட் வந்தார். காலிறுதியில் அவருக்கும் அடி. மூன்றாவது ஆள் ஆரன் குரூடன் வந்தார். இறுதி ஆட்டத்தில், இடைவேளைக்கு முன்பே அவருக்கும் முழங்கால் போச்சு!

நாலாவது ஆள் ஸ்டீபன் டொனால்ட். அவரை முதல் பட்டியலில் எடுக்கவே இல்லை. கூப்பிட்டபோது அவர் ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்! அவசரத்தில் போட்டுக்கொண்ட ஜெர்சிகூட உடம்பைப் பிடித்து மேலே ஏறிக்கொண்டது. அந்த ஜெர்சியோடு இறங்கின மனுஷன், இரண்டாவது பாதியின் ஆரம்பத்தில் ஒரு பெனால்டியை உதைத்து 3 பாயிண்ட் எடுத்தார். இறுதி ஸ்கோர் என்ன தெரியுமா? நியூசிலாந்து 8, பிரான்ஸ் 7. அந்த 3 பாயிண்ட் இல்லையென்றால் கோப்பை இல்லை.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் மீன் பிடிக்கப் போன அந்த ஆள் ஏற்கெனவே நாட்டுக்காக ஆடினவர், அந்த இடத்து வேலை தெரிந்தவர். நாலாவது படியிலும் வேலை தெரிந்த ஆள் இருக்கிற மாதிரி ஊர் ஊராய்ப் பள்ளியும் கிளப்பும் அங்கே ஆளை வளர்த்துக்கொண்டே இருக்கின்றன. அதிர்ஷ்டம் வந்து கதவைத் தட்டும்போது திறக்க வீட்டில் ஆள் வேண்டும் இல்லையா?

நம்ம தமிழ் தலைவாஸ் கற்ற பாடம்

இப்போ நமக்குப் பக்கத்தில் வருவோம். புரோ கபடி லீக் 2014-ல் தொடங்கியது. தமிழ் தலைவாஸ் அணி 2017-ல் சேர்ந்தது. 2017, 2018 இரண்டு சீசனிலும் தன் பிரிவில் கடைசி இடம். 2019-ல் அஜய் தாக்கூர், ராகுல் சவுத்ரி, மன்ஜீத் சில்லர் என்று கபடி உலகத்தின் மூன்று பெரிய பெயர்களும் ஒரே அணியில்! டி.வி. முன்னால் உட்கார்ந்த நாமெல்லாம் கோப்பை நமக்குத்தான் என்று நினைத்தோம். நடந்தது என்ன? 12 அணிகளில் 12-ஆவது இடம். பெயர் இருந்தது, பெயருக்குப் பின்னால் வரிசை இல்லை. ஒரு பெரிய ஆளுக்கு ஆட்டம் கைகொடுக்காத நாளில் அந்த இடத்தைத் தூக்கிப் பிடிக்க அடுத்த ஆள் இல்லை.

2022-க்கு வாருங்கள். அந்த ஏலத்தில் ஓர் அணி மொத்தமாகச் செலவழிக்க அனுமதிக்கப்பட்ட தொகை 4 கோடியே 40 லட்சம். அதில் 2 கோடியே 26 லட்சத்தைப் பவன் செராவத் என்ற ஒரே ரைடருக்குத் தலைவாஸ் கொடுத்தது. அதுவரை கபடியில் யாரும் வாங்காத விலை. பாதிக்கு மேல் பணம் ஒரே ஆளின் காலில்! முதல் ஆட்டம், குஜராத்துடன். சில நிமிஷங்களிலேயே பவனுக்கு முழங்காலில் அடி. தூக்கிக்கொண்டுதான் போனார்கள். சீசன் முழுக்க அவர் திரும்பி வரவே இல்லை.

பழைய தலைவாஸாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் முந்தின சீசனிலிருந்தே அணியில் இளைஞர்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள். பிடிக்கிற பக்கம் சாகர் ராத்தீ, சாகில், மோகித் என்று சேர்ந்து ஆடிப் பழகின பையன்கள். பாடிப் போகிற பக்கம் நரேந்தர் என்ற புதுப் பையன். அதுதான் அவனுக்கு முதல் சீசன். அந்த ஒரு சீசனில் 200-க்கு மேல் ரைடு பாயிண்ட் எடுத்தான்! கூடவே அஜிங்க்யா பவார். வெளியேற்றுச் சுற்றில் உ.பி. அணியோடு 36-36 சமன் ஆகி, டை-பிரேக்கரில் ஜெயித்து, தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. அங்கே புனேயிடம் 39-37 என்று இரண்டே பாயிண்ட்டில் தோற்றது.

பாருங்கள் வேடிக்கையை! மூன்று பெரிய பெயர்களோடு கடைசி இடம். பெரிய பெயர் முதல் நாளே விழுந்தும் அரையிறுதி. இரண்டுக்கும் நடுவே மாறினது பெஞ்ச்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நாம் டிப்ளமா படிக்கிறவர்கள். வெறும் கதையோடு விடக் கூடாது. ஒரு சின்னக் கணக்கு.

நம்ம அணியில் ஒவ்வொருவனும் ஐந்து நாளில் நாலு நாள் வருவான் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், பஸ், ஷிப்ட், வீட்டு விசேஷம் என்று ஐந்தில் ஒரு நாள் வர முடியாது. அதாவது வருவதற்கான வாய்ப்பு 0.8.

பட்டியலில் 7 பேர் மட்டும் இருந்தால், ஏழு பேரும் வருவதற்கு வாய்ப்பு 0.8-ஐ ஏழு தடவை பெருக்க வேண்டும். விடை சுமார் 0.21. நூற்றுக்கு 21 நாள்தான் முழு அணி!

பட்டியலில் 10 பேர் இருந்தால் குறைந்தது 7 பேர் வருவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு 88.

12 பேர் இருந்தால் நூற்றுக்கு 98!

ஐந்து ஆளைக் கூடச் சேர்த்ததில் 21 எங்கே, 98 எங்கே? எட்டாவது ஆளின் மதிப்பு என்ன என்று இப்போது தெரிகிறதா?

கொஞ்சம் பொறுங்கள். போன வருஷம் நம்ம பட்டியலில் 11 பேர் இருந்தார்களே, கணக்குப்படி நூற்றுக்கு 95 வருமே, ஏன் மாட்டிக்கொண்டோம்? ஏனென்றால் இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ஒருவன் வராமல் போவதற்கும் இன்னொருவன் வராமல் போவதற்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. ஒரே நேர்முகத் தேர்வுக்கு நாலு பேரும் ஒரே பஸ்ஸில் போனால் கணக்கு படுத்துவிடும். கல்கத்தா கிளப் படுத்த மாதிரி!

இது நம்ம ஊர்ச் சம்சாரிக்குப் புஸ்தகம் படிக்காமலே தெரியும். கரிசல் காட்டில் மானாவாரியில் ஒரே வெள்ளாமையை மட்டும் நம்பி யாரும் மொத்த நிலத்தையும் விடுவதில்லை. பருத்திக்கு நடுவே உளுந்து, பாசிப்பயறு. ஓரத்தில் துவரை, ஆமணக்கு. மழை முந்தினாலும் பிந்தினாலும் ஏதோ ஒன்று கை கொடுக்கும். எல்லாம் ஒரே நாளில் கருகாது. அணிக்கும் அதே விதிதான். ஒரே வகுப்பு, ஒரே வருஷம், ஒரே ஊர், ஒரே பஸ் என்று ஆளெடுக்கக் கூடாது. கலந்து விதைக்க வேண்டும்.

ஆள் இல்லையா, நாம் தேடவில்லையா?

"நம்ம காலேஜ்ல ஆடுறதுக்கு ஆளே இல்லப்பா" என்று நாங்களே பல தடவை சொல்லியிருக்கிறோம். பொய்! அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி, பந்தல்குடி, கமுதிப் பக்கம் பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் ராத்திரி விளக்கைக் கட்டிக் கபடி நடக்காத கிராமம் உண்டா? அந்தக் களத்தில் ஆடுகிற பையன்களில் எத்தனை பேர் பகலில் நம்ம வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்குகிறார்கள்! அவர்கள் ஏன் அணிக்கு வருவதில்லை? இந்த வருஷம் நாங்கள் வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டோம். கிடைத்த பதில்கள் இவை:

ஒன்று, பஸ். பயிற்சி சாயங்காலம் ஐந்தரை வரைக்கும். அதற்குள் ஊர் பஸ் போய்விடுகிறது. அடுத்ததை விட்டால் நடைதான்.

இரண்டு, வேலை. ராத்திரி மில், வீட்டில் தறி, சீசனில் மிளகாய், பருத்தி எடுப்பு, கரிமூட்டம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆட வா என்று எந்த முகத்தோடு கூப்பிடுவது?

மூன்று, பயம். அடிபட்டால் யார் பார்ப்பார்கள்? என் தோழனுக்கு நடந்ததை எல்லாரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்!

நாலு, இதுதான் என்னைச் சுட்டது. "எங்களை யாருமே கூப்பிடலையேண்ணே!" ஐ.டி.ஐ.-யும் ப்ளஸ் டூ-வும் முடித்து நேராக இரண்டாமாண்டில் சேர்ந்தவர்கள் இப்படிச் சொன்னார்கள். முதலாமாண்டில் தேர்வு வைத்து முடித்துவிடுகிறோம். இவர்கள் வந்து சேரும்போது கதவு சாத்தியிருக்கிறது. ஒருவன் பள்ளிக்கூட அணிக்கே கேப்டனாக இருந்தவன். ஒரு வருஷமாக நம்ம மைதானத்து ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறான்!

ஐந்தாவது ஒரு பதிலை நாங்கள் கேட்கவே மறந்திருந்தோம். நம்ம தங்கைமார், அக்காமார். பெண்கள் அணி என்று ஒன்றைப் பற்றி நாம் யோசித்ததே இல்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கின இந்தியப் பெண்கள் கபடி அணியில் நம்ம சென்னைக் கண்ணகி நகர்க் கார்த்திகா இருந்தார். அதே போட்டியில் தங்கம் வாங்கின ஆண்கள் அணியில் வடுவூர் அபினேஷ் இருந்தார். வசதி இருக்கிற இடத்தில்தான் ஆள் முளைக்கும் என்பது இல்லை. தேடிப் போய்த் தண்ணீர் விடுகிற இடத்திலும் முளைக்கும்.

நாங்கள் செய்து பார்த்தது

போன ஜூனில் அண்ணன்கள் ஆறு பேரும் போனபின் மிச்சம் நாங்கள் 5 பேர். அதில் ஒருவனுக்குக் கால் சரியில்லை. பி.டி. சாரிடம் போய் நின்றோம். அவர் ஒரு நோட்டைக் கொடுத்து, "பெயரை எழுதாதீங்க, முதல்ல இடத்தை எழுதுங்கடா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் பாதி வழி தெரிந்துவிட்டது.

1. நோட்டில் ஏழு இடத்தை எழுதினோம். இடது கார்னர், வலது கார்னர், இடது கவர், வலது கவர், இரண்டு இன், ஒரு சென்டர். ஒவ்வொன்றுக்கும் நேரே இரண்டு கட்டம். முதல் ஆள், இரண்டாவது ஆள். காலியாக நின்ற கட்டம்தான் நாம் தேட வேண்டிய ஆள். எங்களிடம் ரைடர் மூன்று பேர் இருந்தும் வலது கார்னருக்கு இரண்டாவது ஆள் இல்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

2. 12 பேரில் ஒரே வருஷத்து ஆள் 5-க்கு மேல் கூடாது என்று வைத்துக்கொண்டோம். மூன்று வருஷமும் நாலு நாலாக இருந்தால் உத்தமம். ஏப்ரலில் நாலு பேர் போனாலும் எட்டுப் பேர் நிற்பார்கள்.

3. தேர்வு ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. நேர் இரண்டாமாண்டுக்காரர்கள் வந்து சேர்ந்தபின் இன்னொரு தடவை.

4. பயிற்சியைச் சாயங்காலத்திலிருந்து மதியச் சாப்பாட்டு இடைவேளைக்கும் சனிக்கிழமைக்கும் மாற்றினோம். நாற்பது நிமிஷம்தான். ஆனால் நாற்பது நிமிஷத்துக்கு 13 பேர் வருவது, இரண்டு மணி நேரத்துக்கு 5 பேர் வருவதைவிட மேல். ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு வேர்க்கடலையும் வெல்லமும் வாங்கி வைத்தோம்.

5. ஒவ்வொரு மூன்றாமாண்டுக்காரனும் ஒரு முதலாமாண்டுப் பையனுக்குத் தன் இடத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தானே கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர்? கரையைக் கட்டிக்கொண்டு நானே தேக்கி வைத்துக்கொள்கிறேன் என்றால் ஒரு நாள் கரைதான் உடையும்.

6. காயம் பட்டவன் அன்றைக்கு மறுபடி இறங்கக் கூடாது. அவனே இறங்குகிறேன் என்றாலும் கூடாது. இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

ஒரு ஆட்சேபணையும் உண்டு. "நல்லா ஆடுற ஏழு பேரே எல்லா ஆட்டமும் ஆடட்டுமே, புதுப் பையனை இறக்கித் தோற்கணுமா?" நியாயமான கேள்வி. ஆனால் பெஞ்சிலேயே உட்கார வைத்த ஆள் தேவைப்படும் நாளில் கை நடுங்குவான். பாயிண்ட் நன்றாக முன்னே இருக்கிற ஆட்டத்திலாவது கடைசி ஐந்து நிமிஷம் அவனை இறக்க வேண்டும். விதைத் தானியத்தைக் குதிரிலேயே வைத்திருந்தால் பூச்சிதான் அரிக்கும். பருவத்தில் மண்ணில் போட்டால்தான் அது விதை.

கடைசியாக…

பலன் என்ன என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் காலிறுதியிலேயே தோற்றோம்! போன வருஷத்தைவிட ஒரு படி கீழே. ஆனால் 12 பேர் ஜெர்சி போட்டுப் போனோம். 5 மூன்றாமாண்டு, 4 இரண்டாமாண்டு, 3 முதலாமாண்டு. எங்கள் வலது கார்னருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டபோது அவனை வெளியே உட்கார வைத்தோம். ஒரு முதலாமாண்டுப் பையன் இறங்கினான், திருச்சுழிப் பக்கத்துப் பையன். இறங்கின மூன்றாவது நிமிஷத்தில் எதிரணியின் பெரிய ரைடரை ஒற்றைக் கையால் கணுக்காலைப் பிடித்து இழுத்துப் போட்டான் பாருங்கள்! பெஞ்சில் இருந்த ஐந்து பேரும் எழுந்து குதித்தார்கள். போன வருஷம் அந்தப் பெஞ்சில் பைகள்தான் இருந்தன என்பது அப்போது எனக்கு ஞாபகம் வந்தது.

கால் மடங்கின என் தோழன் இந்த வருஷம் ஆடவில்லை. ஆனால் சனிக்கிழமை தவறாமல் வந்து இரண்டு சின்னப் பையன்களுக்குப் பாடிப் போகச் சொல்லிக் கொடுத்தான். அவன் இடத்துக்கு இப்போது இரண்டு பெயர் எழுதியிருக்கிறது.

தம்பிகளே! இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது நாங்கள் 5 பேரும் எங்காவது ஒரு கம்பெனி வாசலில் நிற்போம். நோட்டு பி.டி. சாரிடம் இருக்கிறது. ஏழு பேர் மிச்சம் இருக்கிறீர்கள். சரியாக ஏழு! ஜூனில் முதல் மணி அடித்ததும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, பந்தயம் எப்போது என்று கேட்பது அல்ல. ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறானே, அவன் தோளில் கை போட்டு, "என்னப்பா, ஆடுவியா?" என்று கேளுங்கள்.

எட்டாவது ஆள் அங்கேதான் நிற்கிறான்.